பொருள் ஆறு

கூட்டத்தின் பொருள் நிரலை நான்தான் அடிப்பேன்.
மன்னார்குடியிலிருந்து மாற்றலாகி
கருங்கல் பாசனச் சங்கத்துக்கு வந்து மூன்று மாதம்.
ஒன்று: சென்ற கூட்டக் குறிப்பை உறுதி செய்தல்.
ஆறு: கடைமடை ஷட்டர் பழுது.
பழைய கோப்புகளைப் புரட்டினாலும் அப்படியே.
நடுவில் இருப்பவை இடம் மாறும்,
ஒன்றும் ஆறும் மாறியதே இல்லை.

"தலைவர் அனுமதியோடு" என்று யாராவது எழுவார்.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
கரையை வெட்டித் தன் பக்கம் திருப்புவார்.
பொறியாளருக்குப் பொன்னாடை.
தலைவரின் மச்சினன் வீட்டோடு முடிகிற
கால்வாய்க்கரைச் சாலை.
இரண்டு நிமிட மௌனம்,
அதன் பின் இருபது நிமிடம்
செத்தவரின் ரப்பர் தோட்டத்தை யார் வாங்குவார் என்பது.
ஒரு மணிக்கு மீன்குழம்பு வாசம் வரும்.
ஆறு வறண்டு கிடக்கும்.

எங்கள் ஊரிலும் இதுதான்.
தலைமடையில் குளிப்பார்கள்,
கடைமடையில் மனு எழுதுவார்கள்.

உண்மையான கூட்டம் முந்தின நாள் சாயங்காலம்
குஞ்ஞுகிருஷ்ணன் சாயாக்கடையில்.
அதற்கு நிரல் கிடையாது.
ஏத்தன் குலை விலையில் தொடங்கி
யார் மகள் எந்த நாட்டில் நர்ஸ் என்று வளைந்து
ரெண்டாவது சாயாவில்
"நாளைக்கு ரோட்டத் தூக்கி மேல வையும்" என்பார்
தலைவர் சத்தியநேசன்,
பழம்பொரி எண்ணெயை என் தாளில் துடைத்தபடி.
காலையில் எல்லோரும் கை தூக்குவார்கள்.

அங்கே தங்கலீலா வருவதில்லை.
பெண்கள் வரக்கூடாதென்று சட்டம் இல்லை,
பெஞ்சும் இல்லை.

கடைமடையில் அவளுக்கு நாற்பது சென்ட்.
கூட்டம் கலையும் நேரத்தில் எழுந்து
ஒரே வரி சொல்வாள்:
"எங்க பக்கம் இன்னும் வெள்ளம் வரல்ல."
வந்த புதிதில் நான் எழுதினேன்:
"தம் பகுதியில் வெள்ளம் ஏதும் வரவில்லை என்று
உறுப்பினர் மகிழ்ச்சி தெரிவித்தார்."
இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்.
யாரும் சொல்லித் தரவில்லை.
யாரும் படிக்கவும் இல்லை, என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் சாலை இரண்டாவது.
ஒன்றைப் படித்துவிட்டு வழக்கம்போல்
"உறுதி செய்யலாமா" என்றேன்.
அவள் எழுந்தாள்.
கையில் நகல், மடிப்பெல்லாம் நைந்து.
"சாரே, எனக்கு என்னத்துக்கு சந்தோசம்?"

வாசித்துக் காட்டினாள்.
முதலில் பத்ரோஸ் சிரித்தார், பிறகு மண்டபமே.
"எழுத்துப்பிழை, திருத்திரலாம். அடுத்தது"
என்றார் தலைவர்.
"திருத்தி என்னத்த எழுதுவிய?
எப்பந்தொட்டு வரல்லன்னு எழுதணும்.
ஷட்டர் எத்தன நாளா பூட்டிக் கெடக்குன்னு எழுதணும்.
தாக்கோலு யாருக்க கையில இருக்குன்னு எழுதணும்."

தாக்கோல் என்றால் சாவி.
இம்முறை பக்கத்தில் கேட்டுவிட்டே எழுதினேன்.
கால்வாய் லஸ்கர் எழுந்து நின்றார்,
தலைவரின் சட்டைப்பையைப் பார்த்தார்,
உட்கார்ந்தார்.

குறிப்பு உறுதியாகாமல்
இரண்டுக்குப் போக விதியில் இடமில்லை.
சொன்னது நான்தான்.
சொன்ன பிறகு நாற்காலி எங்கே என்று
கையால் துழாவினேன்.

ஒரு சொல்லுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.
எத்தனை வாழை கருகியது, எந்தத் தேதியில்,
ரெண்டு கிணறு உப்பாகிவிட்டது,
எல்லாம் திருத்தத்துக்குள் வந்து நின்றன.
மீன்குழம்பு வாசம் வந்தபோது
சாலை இருந்த இடத்திலேயே இருந்தது,
யாரும் தொடாமல்.

தண்ணீர் வந்ததா என்பீர்கள்.
சாவி மேஜைமேல் வைக்கப்பட்டது,
அதுவரைதான் குறிப்பில் இருக்கிறது.

இப்போது அடுத்த கூட்டத்துக்கு அடிக்கிறேன்.
பத்ரோஸின் மதகு ஐந்தாவது,
மூன்றாம் முறையாக.
போன தடவை அவர் பேசியதை
ஓரிடத்தில் கொஞ்சம் தப்பாக எழுதியிருக்கிறேன்.
நகலை நாளைக்கே கொடுத்துவிட வேண்டும்.
மனிதர் கண்ணாடியை மறக்காமல் இருக்க வேண்டும்.